டாக்டரே சொன்ன நாசி கண்டார்

"நாமளும் கடலோரந்தானே லா!"

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை சோற்றின் மேல் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை வரிசையில், எனக்கு முன்னால் நின்றவர் மனைவியிடம் சொன்னார்.

"அது மெடிட்டரேனியன் கடலு. நெஞ்சுவலி வந்த ஆளு, அந்தூருக்காரங்க மாதிரி மீனும் காயும்தான் சாப்பிடணும்."

"ஒலிவ் எண்ணெயில வதக்குன கத்திரிக்காயத்தான இத்தன மாசமா தின்னேன்! இப்ப ரத்தம் நல்லாருக்கு, புடிச்சத அளவா சாப்பிடுன்னு டாக்டரே சொல்லிட்டாரு!"

அவர் முறை வந்தது.

"அண்ணே, பாதிச் சோறு, மீனு, வெண்டிக்கா. கொழம்பு..." மனைவியைப் பார்த்தார். "கொஞ்சமா."

"முழுச் சோறு போடுங்கண்ணே!" அந்த அம்மா முந்திக்கொண்டார். "எல்லாக் கொழம்பும் முழுக முழுக ஊத்துங்க. தட்டு ரெண்டு. நானும் அதே கத்திரிக்காயத்தான் தின்னேன்!"