மலை ஊரில் கை தூக்கிய கிழவர்

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் டிராமில், எழுபதுகளில் ஒரு மழைநாள். முன்சீட்டில் இரண்டு தமிழ் ஆராய்ச்சி மாணவர்கள். நான் தமிழைக் காதால் கேட்டே மாதக்கணக்காகியிருந்தது; ஒட்டுக்கேட்டேன். அமெரிக்காவில் கான்ஃபரன்ஸ் முடித்துத் திரும்பியிருந்தவர் சொன்னார்:

“அந்த ஊருக்கு இன்னொரு தடவை போகணும்டா. ஒரு கையைத் தூக்கறதுக்கு மட்டும்.”

“எந்த ஊரு?”

“அப்பலாச்சியன் மலைக்குள்ள ஒரு குட்டி ஊர். பஸ் கொஞ்ச நேரம் நின்னுது. பழைய செங்கல் கோர்ட்டு, ஒரே ஒரு கடைத்தெரு. சும்மா நடந்தேன். ஒரு வீட்டு வாசல்ல, ஆடுற நாற்காலில உட்கார்ந்திருந்த கிழவர் என்னைப் பார்த்துக் கை தூக்கினார்.”

“தெரிஞ்சவரா?”

“இல்ல. அங்க தெருவுல யார் போனாலும் வணக்கம் சொல்ற மாதிரி கை தூக்குவாங்களாம். பஸ் டிரைவர் அப்புறம்தான் சொன்னார். யாரும் யாரையும் கண்டுக்காத இந்த ஊர்ல இருந்து இருந்து, நான் பின்னால யார் நிக்கறாங்கன்னு திரும்பிப் பார்த்துட்டேன்.”

“அப்புறம்?”

“விஷயம் தெரிஞ்சதும் அந்த வீட்டுக்குத் திரும்ப ஓடினேன். அவர் உள்ள போயிட்டார். நாற்காலி மட்டும் ஆடிக்கிட்டிருந்துது.”



கதை சொன்னவருடைய நிறுத்தம் வந்தது. இறங்கி மழையில் நின்று, டிராமில் இருந்த எல்லாரையும் பார்த்துப் பொதுவாகக் கை தூக்கினார்.

என் பக்கத்தில் இருந்த ஜெர்மன் அம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.