பொட்டு வைத்த பெட்டி

“பெட்டிக்குப் பொட்டு வச்சா பேட்டரி வேலை செய்யுமா மச்சி?”

தி.நகர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் கல்யாண வீடியோ எடுக்கும் இருவர். கேட்டவர் தாடிக்காரர்.

“வீடியோ மொத்தமும் சேமிக்கிற பெட்டில காப்பி ஆயிடுச்சுன்னு காட்டிச்சு. அதான் கேமரா கார்டை அழிச்சேன்” என்றார் கண்ணாடிக்காரர்.

“காட்டும். ஆனா டிஸ்க்ல ஏறாம கொஞ்சம் வழியிலயே நிக்கும். கரண்ட் போனா அதை அந்தப் பேட்டரிதான் காப்பாத்தும். பேட்டரி செத்துப்போச்சுன்னு பெட்டி ஒரு மாசமா கத்திக்கினு இருந்துச்சே, இன்னா பண்ணே?”

“ஆயுத பூஜைக்குத் தொடச்சிப் பொட்டு வச்சேன்.”

“அப்புறம்?”

“சத்தத்தை நிறுத்தினேன்.”

“நேத்து நீ கார்டை அழிச்சவுடனே கரண்ட் போச்சு. இப்ப வீடியோல தாலி கட்றதே காணோம். பொண்ணோட அப்பாவுக்கு இன்னா சொல்வே?”

அடையாறு சிக்னலில் கண்ணாடிக்காரரின் போன் அடித்தது. “அவர்தான்” என்று சொல்லிவிட்டு, அந்தச் சத்தத்தையும் நிறுத்தினார்.