சொர்ணலதாவின் கை

எங்கள் வீட்டில் காப்பி போடுவது நான்தான், சார். என் மனைவி சொர்ணலதா எதையும் அளந்து ஊற்ற மாட்டாள். கை நடுங்கும்.

கல்யாணத்துக்கு முன்னால், எண்பத்தெட்டில், தேனிக்கு வெளியே ஒரு மாட்டுத் தடுப்பூசி ஆய்வகத்தில் இருவரும் வேலை பார்த்தோம். கன்றின் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றுக்குள் வேறொரு ஜீனைச் செலுத்த வேண்டும். ஜீன் தானாக உள்ளே போகாது. கொழுப்புத் திரவத்தில் கலந்து சற்று நேரம் வைத்தால், கொழுப்பு அதைப் பொதிந்து செல்லுக்குள் கொண்டுபோய்விடும். ஜீன் ஏறிய செல்கள் சாயம் விட்டதும் நீலமாகும். கொழுப்பு கூடினால் செல்கள் செத்துவிடும்.

முதலில் நீலமானது அவளுடைய தட்டுதான். அப்போது நான் அவளைப் பெண் கேட்டிருந்தேன்.

"டைரக்டர் பெங்களூருக்கு டிரெய்னிங் அனுப்புறேன்னு சொல்லியிருக்காக. போயிட்டு வந்து பேசுவம்" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள்.

அதன்பின் அவள் கலவையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்போதெல்லாம், அதில் கொஞ்சம் கொழுப்பைக் கூட்டினேன். மறுநாள் செல்கள் செத்து மிதக்கும். அவளுக்குக் கை சரியில்லை என்று டைரக்டரிடம் வருத்தத்தோடு சொன்னதும் நான்தான். பெங்களூருக்கு நான் போய்வந்தேன். அவள் வேலையை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

தன் கை சரியில்லை என்ற அவளுடைய எண்ணம் வீட்டிலும் கலைந்துவிடக் கூடாது. அவள் காய்ச்சும் பாலில் இரண்டு சொட்டு எலுமிச்சை விடுவேன்.

"என் கை பட்டா எதுவும் உருப்படாதுங்க" என்று அழுவாள்.

"நான் இருக்கேன்ல" என்பேன்.

எங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும். வந்ததும் அளந்து ஊற்ற டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். நேற்று அவள் எதிர்வீட்டிலிருந்து ஆய்வகத்துக்குப் போன் செய்தாள்.

"பிள்ளைக்கு வெட்டி வெட்டி இழுக்குதுங்க. மருந்து கூடிப்போனா செத்துருமே, நான் ஊத்தவா?"

"நீ தொடாதே, வர்றேன்" என்றேன்.

தட்டில் செல்கள் இருந்தன. நடுவில் விட முடியாது. முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். போனபோது பிள்ளையின் உடம்பு குளிர்ந்திருந்தது. மருந்துப் பாட்டிலை அவள் திறக்கவே இல்லை.

பிள்ளையைக் கொன்றது தான்தான் என்று காலையில் அவளாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருக்கிறாள். அதை எழுதாதீர்கள். அவள் கையில் ஒரு குறையும் கிடையாது. செய்தது நான். என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் சொன்னது அவளுக்குத் தெரிய வேண்டாம், சார். தாங்க மாட்டாள். அவளை ஒரு குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?