அடித்து இறக்கிய தூண்கள்

பொழுது சாய்ந்து, விளக்கைப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மூடிக்கிடக்கும் மர மில்லைத் தாண்டினால் ஒரு மண் சாலை... நடுவில் லாரிச் சக்கரத் தடம், அதில் தேங்கிய தண்ணீர். ஈ காக்கை கிடையாது. சாலை முடிகிற இடத்தில் ஒட்டியபடி இரண்டு மனை. ஒன்றில் பழைய ஓட்டு வீடு. இன்னொன்றில் பாதியில் நிற்கும் அஸ்திவாரம்.

அந்தச் சாலையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தவர் என் நண்பனின் தாய்மாமா. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனசில்லை.

மாமாவுக்கு அஸ்திவாரம் போடுவதுதான் தொழில். கிணறோ, பள்ளமோ, சாக்கடையோ, எதைப் பார்த்தாலும் "எவ்வளவு ஆழம்?" என்பார். வேலையாட்கள் அவருக்கு 'ஆழம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அன்று மதியம், தூண் அடிக்கும் சுத்தியலைத் தூக்குகிற வின்ச்சை ஓட்டுகிறவன் போன் செய்திருந்தான். "அண்ணே, நான் இனிமே அந்த மனைக்கு வரமாட்டேன். தூண் தானா இறங்குது." குடித்துவிட்டு உளறுகிறான் என்று திட்டிவிட்டு, நேரில் பார்க்கக் கிளம்பியிருந்தார் மாமா.

அந்த மனைகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டு வீடு அண்ணனுடையது. காலி மனை தம்பியுடையது. அப்பன் சொத்தைப் பிரித்த நாளிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பது கிடையாது. அண்ணன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. அவர் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். தம்பிக்காரன் தன் மனையில் மாடி வீடு கட்ட வந்தான்; அஸ்திவாரத்துக்கு மாமாவைக் கூப்பிட்டான்.

மாமா குழி தோண்டி மண்ணைப் பார்த்தார். மேலே களிமண். அதற்குக் கீழே எப்போதோ தூர்த்த குளத்துச் சேறு. கெட்டித் தரை ரொம்பக் கீழே.

"ஆழமாப் போக வேண்டியதில்ல சார். மனை முழுக்க ஒரே பலகை மாதிரி கான்கிரீட் போட்டு, அதுமேல வீட்டைக் கட்டிரலாம். சேத்து மேல படகு மாதிரி உக்காந்துக்கும்" என்றார்.

"எனக்குப் படகு வேணாம். பாறை வரைக்கும் போகணும்."

"அப்ப துளை போட்டுக் கம்பியை இறக்கி, கான்கிரீட் ஊத்திரலாம். பக்கத்து வீட்டுக்கும் அதிர்வு இருக்காது."

தம்பிக்காரன் சிரித்தான். "சுத்தியலால அடிச்சு இறக்குவாங்களே, ரெடிமேட் தூண்... அதப் போடு."

"சார், அண்ணன் வீட்டுக் கடக்கால் முழங்கால் ஆழம்தான். வெறும் கருங்கல். உள்ள வேற ஒரு மனுசன் எந்திரிக்க முடியாம..."

"தெரிஞ்சுதான்யா சொல்றேன்."

மாமா அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். நாம் இல்லாவிட்டால் இன்னொருத்தன் அடிப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

டன் கணக்கில் கனமுள்ள இரும்புச் சுத்தியல் கம்பிவடத்தில் ஏறும்... ஒரு நொடி எல்லாம் அமைதியாகும்... தொம்! தரை ஒருமுறை எகிறும். பக்கத்து வீட்டு ஓடுகள் கடகடக்கும். உள்ளே பாத்திரம் உருளும். அண்ணன் மனைவி மதிலோரம் வந்து கெஞ்சினாள். "அவரு கண்ணசந்து தூங்கி நாளாச்சுங்க. நாலு நாளைக்காவது நிறுத்தக் கூடாதா?"

தம்பிக்காரன் அவள் காதுபடவே கத்தினான். "இன்னும் மேல தூக்கி விடுய்யா!"

ஒருநாள் இரண்டு அடிகளுக்கு நடுவே, அந்த ஒரு நொடி அமைதியில், வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. குழறலாக... ஆனால் தெளிவாகப் புரிந்தது.

"டேய்... நான் எந்திரிச்சு வந்தேன்னா..."

தொம்!

அதற்குப் பிறகு குரல் இல்லை. வலித் தைலத்தின் வாடை மட்டும் மதிலைத் தாண்டி வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவின் அழுகை.

தம்பிக்காரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிணத்தை எடுத்து முடிந்ததும், "மீதித் தூணை இறக்கு" என்றான்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

மாமா மனைக்குள் போனபோது கடைசித் தூண் இடுப்புயரம் வெளியே நின்றது. சுத்தியல் மேலே கட்டிக் கிடந்தது. வின்ச் அணைந்திருந்தது. எந்தத் தூணும் கெட்டித் தரையைத் தொட்டால் மேற்கொண்டு இறங்காது. எவ்வளவு அடித்தாலும் சுத்தியல்தான் துள்ளும். ஆனால் இது எப்போதோ அந்த ஆழத்தைத் தாண்டிப் போயிருந்தது. இறங்க இறங்க, ஒன்றன் மேல் ஒன்றாக எத்தனையோ தூண் துண்டு ஒட்டியாகிவிட்டது.

மாமா தூணின் உச்சியில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. உள்ளே ஏதோ லேசாக அதிர்ந்தது...

சளக்.

தூண் ஒரு சாண் இறங்கியது.

அவர் கையை எடுத்தார். சளக். இன்னொரு சாண். சரியவில்லை, ஆடவில்லை. கீழே யாரோ கட்டிப்பிடித்து, மூச்சு வாங்கி, மறுபடி இழுப்பதுபோல. தூணைச் சுற்றிய இடுக்கில் சேறு கொப்பளித்தது. அதில் தைல வாடை. பிறகு கீழேயிருந்து, உள்ளங்காலில் உறைக்கிற மாதிரி ஒரு சத்தம்...

தொம்.

மாமா பின்வாங்கினார். திரும்பினால் பின்னால் தம்பிக்காரன், கையில் டார்ச்.

"சார்... இந்த மனை வேணாம் சார். விட்ருங்க."

தம்பிக்காரன் அவரை ஒதுக்கித் தள்ளினான். விறுவிறுவென்று போய்த் தூணை எட்டி உதைத்தான். சேற்றில் மண்டியிட்டு அந்த இடுக்கில் வாயை வைத்துக் கத்தினான்.

"செத்தும் எங்கிட்ட மல்லுக்கு நிக்கிறியா? இழுடா! எவ்வளவு தூரம் இழுப்பேன்னு நானும் பாக்குறேன்!"

தூண் அப்படியே நின்றது. கொப்பளித்த சேறுகூட அடங்கிவிட்டது.

தம்பிக்காரன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "பாத்தியா? பயந்துட்டான்."

மாமா வேலையை அத்தோடு விட்டுவிட்டார். வேறு ஆள் வந்து முடித்தான். மாடி வீடு எழுந்தது. குடியும் வந்தார்கள்.

அப்புறம்தான் பேச்சு கிளம்பியது. முழங்கால் ஆழக் கடக்காலில் நிற்கிற ஓட்டு வீட்டில் மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. பாறை வரை தூண் இறக்கிய மாடி வீடுதான் இறங்குகிறது. சுவரில் கீறல் இல்லை, சாய்வும் இல்லை. அப்படியே நேராக... இன்ஜினியர்கள் வந்தார்கள், மண்ணை எடுத்தார்கள், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தம்பிக்காரனின் மனைவியும் பிள்ளைகளும் துணிமணியோடு கிளம்பிவிட்டார்கள். அவன் மட்டும் வரவில்லை.

கேள்விப்பட்டு மாமா ஒருநாள் போய்ப் பார்த்தார். பட்டப்பகல், உச்சி வெயில். கீழ்த்தள ஜன்னல் அவர் கணுக்காலுக்கு வந்திருந்தது. குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டு. கம்பிக்குப் பின்னால் தம்பிக்காரனின் முகம் வந்தது... கன்னம் ஒட்டி, தலை முழுக்க நரைத்து.

"சார்! வெளிய வாங்க சார்! மாடி வழியா ஏறி வாங்க!"

அவன் உதட்டில் விரலை வைத்தான்.

"சத்தம் போடாதீங்க. அண்ணன் இப்பதான் கண்ணசந்தாரு."

தம்பிக்காரன் கம்பிக்கு இன்னும் கிட்டே வந்தான். குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"உங்களையும் கேட்டாரு. சுத்தியல் அடிச்சவன் வீடு எங்கன்னு. நான் அட்ரஸ் சொல்லிட்டேன்."

மாமாவின் வீடு கெட்டியான பாறைமேல் நிற்கிறது. அஸ்திவாரத்துக்கு அவரே நின்று பாறையைக் கொத்த வைத்தார். வாசல் கதவு வெளிப்பக்கம் திறக்கும். போன மாதம் அது முற்றத்து மண்ணில் உரச ஆரம்பித்தது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று தச்சரைக் கூப்பிட்டு அடிப்பக்கத்தை ஒரு விரற்கடை அறுத்தார்கள்.

இன்று காலையில் நண்பன் போன் செய்தான். தச்சர் மறுபடி வந்திருக்கிறாராம். இந்தத் தடவை ஒரு சாண் அறுக்க வேண்டுமாம்.