வெர்னாவின் செடிகளுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

லாவெண்டர் வளர்க்க அதிக அக்கறை தேவையில்லை, ஐயா. நல்ல வெயில், சரளை கலந்த மண், பூத்து முடிந்ததும் பச்சைத் தண்டோடு ஒரு வெட்டு. அப்புறம் அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவதால் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு அது உண்டு. கணவர் போன பிறகு எனக்குத் துணையாக இருந்தவை அந்தச் செடிகள்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓஹையோவிலிருந்து வெர்னா பக்கத்து வீட்டுக்கு வந்தாள். அவளும் தனிக்கட்டை. வந்த கையோடு சுவரோரம் பன்னிரண்டு லாவெண்டர் நட்டாள். முதல் கோடையிலேயே ஒன்று வாடியது. வேலியருகே நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“இர்மா, உன் செடியெல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது. என்னோடது மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு. என்னடி மந்திரம் போடுற?”

உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தேன். தண்ணீரைக் குறைக்கச் சொன்னேன். செடி பிழைத்துக்கொண்டது, அவள் வருவது நின்றுபோனது. ஆறு வாரம் அவள் காப்பி குடித்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

ஞாயிறு காலை அவள் தேவாலயம் போவாள். அந்த நேரத்தில் அவள் தோட்டத்துக் குழாயைத் திறந்து, ஒரு செடியின் வேரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். வேர் அழுகும்போதும் லாவெண்டர் தாகத்தில் வாடுவது போலத்தான் துவளும். ஊருக்குப் புதியவர்கள் பதறிப்போய் இன்னும் ஊற்றுவார்கள். வெர்னாவும் ஊற்றினாள். புதன்கிழமை காப்பிக்கு வந்தாள்.

செத்த இடத்தில் புதிது நட்டாள். அதையும் நான் பார்த்துக்கொண்டேன். புதன்கிழமைகள் தவறவில்லை. ஒரு கோப்பைக்கு மேல் அவள் உட்காரமாட்டாள் என்பதுதான் எனக்குக் குறை.

போன மாதம் வந்தவள் காப்பியைத் தொடவில்லை.

“இந்த மண்ணுக்கு என்னைப் பிடிக்கல, இர்மா. வீட்ட வித்துட்டு மககிட்டயே போயிடப் போறேன். ஒரு செடியக் காப்பாத்தத் துப்பில்லாதவளுக்குத் தோட்டம் எதுக்கு?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த ஞாயிறும் குழாயைத் திறந்தேன். அவளை வரவழைக்க எனக்கு வேறு வழி தெரியாது. மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பியவள், ரப்பர் குழாயும் கையுமாக என்னைப் பார்த்துவிட்டாள்.

“அடிப்பாவி, நீயா?”

தோட்டத்துப் படியில் வேகமாக இறங்கினாள். குழாய்த் தண்ணீரில் படி நனைந்திருந்தது.

இடுப்பு முறிந்தது. பின்தலையில் ரத்தம். “போன் பண்ணு, இர்மா” என்றாள். பண்ணிவிட்டேன் என்றேன். பண்ணவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் மருத்துவமனை, அங்கிருந்து மகள் வீடு. என் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, என் கணவரைப் பற்றி, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன்.

“வந்துட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“வந்துட்டே இருக்காங்க.”

மூன்று மணிக்குக் கேட்பதை நிறுத்தினாள். ஐந்து மணிக்குக் கை சில்லிட்டது.

தவறி விழுந்து இறந்ததாகப் போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். விழுந்தது தவறி, செத்தது என்னால். ஆனால் இதையும் எழுதுங்கள்: மூன்று வருடமாக ஒரு கோப்பைக்கு மேல் உட்காராதவள், அன்று சாயங்காலம் வரை என்னோடு இருந்தாள். அவளுக்கும் போக மனமில்லை.