அக்காவுக்கு ஒரு புது பேட்டரி

நீங்கள் எழுதுகிற பேனா ரீஃபில் மாற்றக்கூடிய வகை என்பதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, ஐயா. இப்போதெல்லாம் மை தீர்ந்தால் பேனாவையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் நான் என்ன சொன்னாலும் தலையில் ஏறாது. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டு அலமாரியில் நீங்கள் எடுத்த பேட்டரிகள் எல்லாம் கம்பெனி அனுப்பியவை, பெட்டிகூடப் பிரிக்காதவை. அவற்றில் ஒன்றைக்கூட நான் விற்கவில்லை. உங்கள் ஆட்கள் "யாருக்கு வித்தே, யாருக்கு வித்தே" என்று கேட்டுக் கேட்டு என்னை நோகடித்துவிட்டார்கள். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், திருடன் என்ற பெயர் மட்டும் வேண்டாம்.

நான் செல்போன் சர்வீஸ் சென்டரில், தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அறையில் வேலை பார்த்தேன். முன்பக்கம் ஏசி, சோபா, எதற்கும் சிரிக்கிற ஒரு பெண். பின்பக்கம் நானும் என் திருப்புளிகளும். கூட இருந்தவர்கள் எனக்குப் 'பத்திரம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கழற்றிய ஸ்க்ரூ, ரப்பர் பேண்ட், பார்சல் அட்டை எதுவானாலும் "பத்திரமா இருக்கட்டும்" என்று எடுத்து வைப்பேன். கிண்டல்தான். ஆனால் எது தொலைந்துபோனாலும் நேராக என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

பேட்டரி போய்விட்டது என்று யார் வந்தாலும், "இந்த மாடல் நின்னு போச்சுங்க, புதுசு எடுத்துக்குங்க" என்று சொல்லி அனுப்புவதுதான் எங்கள் கடையின் வழக்கம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும் போன்களை மக்கள் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு வயிறு எரியும். பிறகு விதி ஒன்று வந்தது. வாரண்டிக்குள் பேட்டரி கெட்டால் இலவசமாகப் புதுசு போட்டுக் கொடுக்க வேண்டும். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை.

கழற்றிய பேட்டரிகளைப் போட, கடை வாசலில் பச்சை நிறத்தில் ஒரு தொட்டி வைத்தார்கள். மேலே ஓர் இலைப் படம், பூமியைக் காப்போம் என்று ஒரு வாசகம். தொட்டி நிறைந்ததும் ஒரு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஒரு நாள் பின்னாலேயே போனேன். ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில் கொட்டினார்கள். ஏற்கெனவே அங்கே மலைபோலக் குவிந்து கிடந்தது, ஒரு பக்கம் புகைந்துகொண்டிருந்தது. தண்ணீரில் எண்ணெய்ப் பளபளப்பு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், ஐயா. சொல்ல வெட்கமில்லை.

அதற்குப் பிறகு பழைய பேட்டரிகளைத் தொட்டிக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. உப்பியிருந்தால் காற்றை இறக்கினேன். மேலே டேப் சுற்றி, புது ஸ்டிக்கர் ஒட்டினேன். போனுக்குள் பேட்டரியின் வயதைக் காட்டும் எண்ணை அழித்து, புதுசு என்று காட்ட வைக்க ஒரு சின்னக் கருவி உண்டு. அப்படித் தேற்றியதை அடுத்து வருகிற போனில் போட்டேன். கம்பெனி அனுப்பிய புதுசை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினேன். வாடிக்கையாளர்கள் கையில் கொடுத்தால் எப்படியும் பாழாக்கிவிடுவார்கள். மேனேஜருக்கு எதுவும் தெரியாது, அவரை இதில் இழுக்காதீர்கள். பின்னறைக்கு வந்தால் சட்டையில் தூசி படும் என்று நினைக்கிற மனிதர் அவர்.

கண்ணை மூடிக்கொண்டு நான் எதையும் செய்யவில்லை. தேற்றிய பேட்டரியைத் தகரத் தட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்றி, தொட்டுப் பார்ப்பேன். சுட்டால் தனியாக வைத்துவிடுவேன். அதையும் மீறி ஒன்றிரண்டு போயிருக்கலாம். ஒருவருக்குத் தொடையில் கொப்புளம் வந்தது என்று கேள்விப்பட்டேன். அவர் இறுக்கமான பேண்ட் போடுகிற ஆள்.

இனி அக்கா விஷயம்.

அக்காவுக்குச் சட்டை தைக்கும் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. ஒரு பொத்தான் தளர்ந்திருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். எதை வாங்கினாலும் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை முழுக்கப் படித்த பிறகுதான் திறப்பாள். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்து ஆளாக்கியது அவள்தான். வாரண்டி முடிவதற்குள் அவளுடைய பேட்டரி உப்பியதும், என்னிடம் கூடச் சொல்லாமல் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். தம்பி வேலை பார்க்கிற இடம் என்று சலுகை கேட்கக் கூடாதாம். அவள் குரல் கேட்டு நான் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"மேடம், இந்த மாடலுக்கு இப்ப பேட்டரி வர்றதில்ல" என்று பழைய பாட்டையே பாடினார் மேனேஜர்.

"போன் நல்லாத்தானே இருக்கு? செருப்பு வாரு அறுந்தா காலையா மாத்துவீங்க?"

"புது மாடல்ல நல்ல ஆஃபர் இருக்கு மேடம்."

"அது இருக்கட்டும். பேட்டரி தர முடியாதுன்னு எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

எழுதிக் கொடுங்கள் என்றால் எப்பேர்ப்பட்ட மேனேஜரும் இறங்கி வந்துவிடுவார். அந்த மாடலுக்கு ஒரு பேட்டரி வரவழைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்னால் இருந்த பெண்ணிடம், "எங்கக்காதான்" என்று சொன்னேன்.

பேட்டரி வந்தது. அழகான பெட்டி, மூலை மடங்காமல், உறை கிழியாமல். அதே மாடலுக்கு நான் தேற்றி வைத்திருந்தது இன்னொன்று. அது தட்டில் வைத்தபோது சுட்டது. கை வைக்க முடியாத சூடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் சுட்டது. இரண்டையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். ஊர்க்காரர்களுக்கெல்லாம் பழசைப் போட்டுவிட்டு, சொந்த அக்காவுக்கு மட்டும் புதுசைப் போட்டால் என் கொள்கைக்கு என்ன மரியாதை? வேண்டியவர்களுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று நடக்கிறவன் நான் இல்லை. அக்கா வளர்த்த வளர்ப்பு அப்படி. புதுசை என் பைக்குள் வைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தவள் போனை என் கன்னத்தில் வைத்துக் காட்டினாள்.

"என்னடா இது, இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுது?"

"புது பேட்டரிக்கா. பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்."

"நிஜமாவா?"

"நான் சொல்றேன்ல."

"நீ சொன்னா சரிதான்" என்று பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால்தான் அந்த அலமாரி. கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் அவளுடைய புது பேட்டரி இருந்தது. உலகத்தில் எல்லோரிடமும் எழுதிக் கொடு என்று கேட்பவள், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. வாசல் வரை போனவளைக் கூப்பிட்டு, "தலகாணிகிட்ட வெக்காதக்கா" என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எச்சரித்தேன்.

அவள் கேட்கவில்லை. விடுமுறை நாள், மதியச் சாப்பாடு முடிந்து, போனைச் சார்ஜில் போட்டுத் தலையணை ஓரத்தில் வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறாள். படுக்கை அறை மட்டும்தான் எரிந்தது. சமையலறைக்கு ஒன்றும் ஆகவில்லை, பாத்திரங்களையெல்லாம் அப்படியே பயன்படுத்தலாம்.

என் அலமாரியில் இருந்த பேட்டரிகளில் பாதி, சும்மா கிடந்தே செத்துவிட்டதாகவும், சில உப்பிவிட்டதாகவும் உங்கள் நிபுணர் சொன்னாராம். படிப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கும் தெரியும். ஆனால் நான் வைத்திருந்தது அவ்வளவு பத்திரமாக, ஐயா. அவர் இன்னொரு முறை பார்க்கட்டும்.

நீங்கள் கேட்டது இதுதானே. ஆமாம், அந்தப் பேட்டரி சுடும் என்று தெரியும். தீப்பிடிக்கலாம் என்றும் தெரியும். தெரிந்துதான் போட்டேன், தெரிந்துதான் அவளிடம் பொய் சொன்னேன். எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்கா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஒரே ஒரு கோரிக்கை. அவளுடைய போனை ஆதாரமாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தேன், ஒரு பக்கம்தான் கருகியிருக்கிறது. வழக்கு முடிந்ததும் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், என்னிடம் கொடுங்கள். துடைத்து, உள்ளே ஒரு பேட்டரி வைத்தால் ஓடும். புதுசெல்லாம் வேண்டாம், பழசே போதும்.