ஐந்தாவது கால்

காலணிக்கு மேல் நீல உறை மாட்டாமல் எங்கள் ஊர்க் கலைக்கூடத்துக்குள் யாரும் காலெடுத்து வைக்க முடியாது. அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். முப்பத்தொரு வருடமாக மண்டபப் பொறுப்பாளன். சகின்பெக் என்ற பெயரை ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள், தம்பி. கண்காட்சி வைக்க வந்த அந்த ஜிபெக் முதல் நாளே சாணம் ஒட்டிய பூட்ஸோடு நடந்து வந்தாள். துடைக்கப் போன காவல்காரி கூல்சாராவையும் தடுத்துவிட்டாள். அந்தத் தடமும் கண்காட்சியில் சேர்த்தியாம்.

நவீன கலை எனக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம். பத்து வருடமாக அதற்கு ஆணி அடித்துக் கொடுத்தவன் நான்தான். ஒருவன் அறுந்த கடிவாளங்களை உத்தரத்தில் தொங்கவிட்டு 'சுதந்திரம்' என்று பெயர் வைத்தான். ஒருத்தி மூன்று மூட்டை ஆட்டு ரோமத்தைத் தரையில் கொட்டிவிட்டு அழுதாள். ஜனங்கள் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். வாசலில் உறையைக் கழற்றும்போது மட்டும், "உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?" என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஜிபெக் தலைநகரத்து அடுக்குமாடியில் வளர்ந்தவள். இருபத்தாறு வயது. மண்டபத்தின் நடுவே கம்பளிக் கூடாரம் ஒன்றை நிறுத்தினாள். உள்ளே நிலக்கரி அடுப்பு மூட்டி மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பாள். மரக்கதவை நான் வெளியே தாழிட வேண்டும். வாசலில் ஒரு பலகை: 'உள்ளேயிருந்து தட்டினால் நீங்களும் தட்டுங்கள். திறக்காதீர்கள்.' வீடிழந்தவர்களின் குரல் என்று கீழே விளக்கம் வேறு.

பின்னால் வெறும் சுவர் வேண்டும் என்றாள். அந்தச் சுவரில் 'கோடை மேய்ச்சல்' இருந்தது. ஐந்து மீட்டர் அகலம், பதினேழு குதிரைகள், கீழ் மூலையில் என் கையெழுத்து.

"முப்பது வருஷமா அதே குதிரைங்கதானே அண்ணே, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றார் இயக்குநர் தொக்தோசுன். படம் கொதிகலன் அறைக்குப் போனது.

அதை இறக்கும்போது பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஜிபெக் படத்தின் அருகே குனிந்து, விரலால் எண்ணினாள்.

"தாத்தா, இந்த வெள்ளைக் குதிரைக்கு அஞ்சு கால் போட்டிருக்கீங்களே! புதுமைல எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க."

"அது நிழல்மா."

"நிழலுக்குக் குளம்பு இருக்கே, தாத்தா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களை அழைத்துவந்த ஆசிரியையும் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வயதில் இதற்கெல்லாம் கோபப்படுவார்களா?

சனிக்கிழமை இரண்டு மணிக்கு, அவள் சொன்னபடியே தாழிட்டேன். கூடாரத்தின் உச்சியில் புகை போகும் வட்டம் இருக்கிறது, அதன்மேல் ஒரு கம்பளித் துண்டு. அதை இழுத்து மூடும் கயிறு வெளியே தொங்கும். அடுப்பு எரியும்போது அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது என்று எங்கள் ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் சொல்லி வைப்போம். அவளுக்கு அது அலங்காரம். குஞ்சம் கட்டி, எல்லார் கைக்கும் எட்டுகிற மாதிரி விட்டிருந்தாள்.

புகை விதானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. போன வசந்தத்தில்தான் சுண்ணாம்பு அடித்தோம். ஆகவே மூன்றேகாலுக்குக் கயிற்றை இழுத்தேன். மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், ஒளிந்து செய்யவில்லை.

ஒரே ஒரு மேய்ப்பர், தொப்பியைக் கையில் பிடித்தபடி, "உள்ள நெருப்பு எரியுதேப்பா, மேல மூடலாமா?" என்றார்.

"இது கலைங்க" என்றேன்.

கிழவர் முகம் சிவந்துபோயிற்று. தான் பட்டிக்காட்டான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு, அதற்குமேல் வாய் திறக்கவில்லை. இந்தக் கண்காட்சிகள் எங்கள் ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான்.

மூன்றரைக்குத் தட்டல் தொடங்கியது. ஜனங்களுக்கு ஒரே குஷி. வரிசையில் நின்று பதிலுக்குத் தட்டினார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கிப் பிடித்துத் தட்டவைத்து, கைபேசியில் படம் எடுத்தாள்.

கூல்சாரா பின்னல் வேலையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "அண்ணே, சத்தம் சரியில்ல. திறந்துதான் பாருங்களேன்."

"பலகையப் படி, கூல்சாரா."

படித்தாள். போய் உட்கார்ந்துகொண்டாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள், எழுதியிருப்பதை மதிக்கிறவள்.

தட்டல் மெதுவானது. பிறகு கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு "அற்புதம்" என்றான். அது நின்றபோது கைதட்டினார்கள். நான் மட்டும் கதவருகே போய் இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன். பதில் இல்லை. ஐந்து மணி ஆனதும் திறந்தேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

இப்போது அந்த மண்டபத்தில் பூ வைக்கிறார்களாம். வெறும் சுவர் அப்படியே இருக்கட்டும் என்று தொக்தோசுன் சொல்லிவிட்டாராம்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துவிட்டேன், தம்பி. தெரிந்தே மூடினேன், அவள் சாவாள் என்று தெரிந்தே திறக்காமல் நின்றேன் என்று இருக்கிறது. சரிதான், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் 'ஐந்து கால் குதிரை' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, நிழல் என்று எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.